நாடி வாடகை

சந்தை மூட இன்னும் பதினொரு மணி நேரமும் இருபது நிமிடமும் இருந்தன.

நிலவின் அமைதிக் கடல் குடியிருப்பில் பங்குச் சந்தை சூரியனோடு திறந்து சூரியனோடு மூடும். பகல் முந்நூற்று ஐம்பத்து நான்கு மணி நேரம், இரவும் அவ்வளவே. சந்தையின் கணிப்பொறிகள் வெயிலில் ஓடுபவை. வெயில் போனால் வியாபாரமும் போயிற்று.

வாங்குகூடத்தில் வழக்கம்போல ஒரு சத்தமும் இல்லை. அறுபது பேர் வரிசையாகப் பலகைகளில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மோரைச் சிறிது சிறிதாக உறிஞ்சினார். ஒருவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். தாடிக்காரர் ஒருவர் தனக்குத்தானே மெல்லத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். எல்லோரும் பங்கு வாங்க வந்தவர்கள்.

இருபது வருடத்துக்கு முன்பு ஒரே பிற்பகலில் குடியிருப்பில் பாதிப் பேர் ஆசையில் பங்கு வாங்கி, ஊர் திரும்பும் பணத்தை இழந்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் நாடிப் பூட்டு. மணிக்கட்டில் கட்டிய பட்டை நாடியை எண்ணும். எண்ணிக்கை எழுபத்திரண்டுக்குக் கீழே இருந்தால்தான் வாங்கும் பொத்தான் திறக்கும். பதற்றத்தில் இருப்பவர் எதையும் வாங்க முடியாது. விற்பதற்கு மட்டும் தடை கிடையாது.

பூங்கோதை நான்காவது முறையாக மணிக்கட்டை எந்திரத்தில் வைத்தாள்.

"வணக்கம், பூங்கோதை. உங்கள் நாடி நூற்றுப் பதினெட்டு. ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்," என்றது எந்திரம்.

போன முறை நூற்றுப் பதினொன்று.

அவள் வாங்க நினைத்தது சந்திரமாடம் நிறுவனத்தின் பங்கை. பள்ளத்தின் விளிம்பில் பதினொரு கண்ணாடி மாடங்கள் அந்த நிறுவனத்துடையவை. பூமியிலிருந்து கம்பெனிகள் வந்து அலுவலகம் போடும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டினார்கள். கம்பெனிகள் வந்தன. ஆனால் ஆட்களை அனுப்பாமல் செயலிகளை அனுப்பின. செயலிக்கு நாற்காலி வேண்டாம், சன்னல் வேண்டாம், கழிப்பறை வேண்டாம். மாடங்கள் காலியாகவே நின்றன. கடன் இப்போது சொத்தைப்போல் ஆறு மடங்கு. எண்ணூறு ரூபாய்க்கு விற்ற பங்கு நாற்பதில் கிடந்தது. இன்று சூரியன் மறைந்ததும் வங்கி மாடங்களை ஏலத்தில் விடப்போகிறது. அதன் பிறகு அந்தப் பங்குக்கு ஒரு மதிப்பும் இருக்காது.

ஆனால் பூங்கோதைக்கு ஒரு விஷயம் தெரியும். அதனால்தான் நாடி இறங்க மறுத்தது.

அவள் காற்று நிலையத்தில் வேலை செய்பவள். நிலவில் ஒரு கட்டடத்துக்கு ஆள் வருவதற்கு முன் காற்று வர வேண்டும். முப்பது நாள் காற்றை நிரப்பி, கசிவு பார்த்து, பிறகுதான் பூட்டைத் திறப்பார்கள். குடிவரப்போகிறவர் எழுதிக் கொடுக்காமல் யாரும் ஒரு லிட்டர்கூட நிரப்புவதில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்பு ஏழாம் மாடத்துக்குக் காற்று கேட்டுச் சீட்டு வந்தது. பிறகு எட்டாம் மாடத்துக்கு. நேற்று மீதி ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே சீட்டு. வால்வைத் திறந்தது அவள் கைதான்.

யாரோ வரப்போகிறார்கள். பதினொரு மாடங்களையும் நிரப்பும் அளவுக்கு.

சட்டைப்பையில் இருந்த நீலச் சில்லைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளங்கை அகலம். ஒரு பக்கம் அவள் பெயர், மறுபக்கம் "ஒருவர், ஒரு வழி". ஓரத்தில் மெழுகு முத்திரை. ஆறு வருட உழைப்புக்குக் கிடைக்கும் திரும்புசில்லு அது. முத்திரையை உடைத்தால் நான்கு லட்ச ரூபாய். உடைக்காமல் வைத்திருந்தால் பூமிக்கு ஒரு பயணம்.

அவளுக்குத் தேவை இரண்டு பயணம். மகள் முகிலிக்கு அடுத்த மாதம் பன்னிரண்டு வயது முடிகிறது. அதற்குள் பூமிக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் அவள் எலும்புகள் பூமியின் எடையை ஒருபோதும் தாங்கா என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கப்பல் ஒன்பது நாளில் புறப்படுகிறது. கோவில்பட்டியில் முகிலியின் அப்பா காத்திருக்கிறார். சில்லு ஒன்றாகவே இருந்தால் முகிலி மட்டும் போவாள். பூங்கோதை இன்னொரு சில்லுக்காக இன்னும் ஆறு வருடம் வால்வு திருக வேண்டும். மேகத்தையே பார்க்காத மகளுக்கு மேகத்தின் பெயரை வைத்தவள் அவள்தான். முதல் மேகத்தை அவள் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும் என்று ஆசை.

"நூத்திப் பதினெட்டா? நீ பங்கு வாங்கப் போறியா, பிள்ளை பெக்கப் போறியா?" என்று பின்னால் குரல் கேட்டது. காற்று நிலையத்தில் உடன் வேலை செய்யும் ஸ்டெல்லா.

"சும்மா இருடி. நீ பேசினா இன்னும் ஏறும்."

"நீ இங்க உக்காந்து தவம் பண்ணினா பொழுது போயிரும். பேசாம அம்பத்தெட்டுகிட்ட போ."

ஐம்பத்தெட்டு என்பது வச்சிரவேலு. உணவுக்கூடத்தின் பின்னால் விண்ணுடைகளுக்கு ஒட்டுப்போடும் கடை வைத்திருந்தார். அவர் நாடி எப்போதும் ஐம்பத்தெட்டு. பங்கு ஏறினாலும் ஐம்பத்தெட்டு, விழுந்தாலும் ஐம்பத்தெட்டு. தாங்கள் வாங்க முடியாததை அவர் பெயரில் வாங்கித்தரச் சொல்லிப் பாதி ஊர் அவரிடம் போகும். நூற்றுக்கு ஒரு ரூபாய் கூலி. அதற்கு நாடி வாடகை என்று பெயர். சட்டத்தில் இல்லாத தொழில்தான். யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அந்த நிதானம் எப்படி வந்தது என்பதில் ஊர் இரண்டுபட்டிருந்தது. எந்திர இதயம் என்றார்கள் சிலர். தினமும் தியானம் என்றார்கள் சிலர். கேட்டால் அவர் சிரிப்பார், ஊசியில் நூல் கோப்பார்.

பூங்கோதை போனபோதும் ஒரு கையுறையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி. என்ன இப்படி வேர்த்து வந்திருக்க?"

"மாடம் வாங்கணும்ண்ணே. முழுசா. இதுக்கு." சில்லை மேசையில் வைத்தாள்.

அவர் ஊசியை நிறுத்தினார். "சந்திரமாடமா? கடன்ல முங்கின கம்பெனி. இன்னும் பத்து மணி நேரத்துல ஏலம்."

"தெரியும்."

"இது பாப்பாவுக்கு வச்ச சில்லுல்ல?"

"எங்க ரெண்டு பேருக்கும் ஆக்கணும்ண்ணே." குரலைத் தாழ்த்தினாள். காற்றுச் சீட்டைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் பட்டை நூற்று இருபத்து நான்கைக் காட்டியது. வச்சிரவேலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மணிக்கட்டில் ஐம்பத்தெட்டு.

"எல்லாரும் ஏதாச்சும் ஒண்ணு தெரிஞ்சுதான் வர்றாங்க, தாயி. நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

"சரி." சில்லை எடுத்து இழுப்பறையில் போட்டார். "போய் வேலையப் பாரு."

ரசீது கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். அவ்வளவு அமைதியான மனிதரிடம் ரசீது கேட்பது அவமரியாதை என்று பட்டது. ஒன்பது வருடத்தில் யாரும் கேட்டதில்லை. நட்டம் வந்தபோது அவர் தலையை ஆட்டி "போச்சு" என்றார், பணம் கொடுத்தவர்கள் அழுதுவிட்டுப் போனார்கள். எப்போதாவது லாபம் வந்தபோது அன்றே எண்ணிக் கொடுத்தார். வேறென்ன வேண்டும்?

காற்று நிலையத்துக்குத் திரும்பினாள். ஒன்பது மணி நேரம் அவள் கண் சுவரிலிருந்த விலைப் பலகையிலேயே இருந்தது. நாற்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தைந்து. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே மூடினாள். ஸ்டெல்லாவிடம் மட்டும் காற்றுச் சீட்டைச் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றாள். மூன்று மணி நேரத்தில் உணவுக்கூடமே வச்சிரவேலுவின் கடைமுன் வரிசையில் நின்றது.

சூரியன் பள்ளத்தின் விளிம்பைத் தொட ஒரு மணி நேரமும் ஐந்து நிமிடமும் இருந்தபோது அறிவிப்பு வந்தது. பூமியின் கனிம ஆணையம் தன் தலைமையகத்தை நிலவுக்கு மாற்றுகிறது. பதினோராயிரம் பேர். பதினொரு மாடங்களும் முப்பது வருட வாடகைக்கு. முதல் பத்து வருட வாடகை முன்பணம். வங்கி ஏலத்தை ரத்து செய்தது.

முப்பத்தைந்து எழுபதாயிற்று. எழுபது நூற்று நாற்பதாயிற்று. பூங்கோதை எழுந்து நின்றுவிட்டாள். இருநூற்றுப் பத்து. இருநூற்று அறுபது.

"ஏ கோதை! ஏ கோதை!" என்று ஸ்டெல்லா அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "நான் மூணு மாசச் சம்பளம் போட்டிருக்கேன்டி! எங்க அம்மா தாலிச் செயினை மீட்டாச்சு!"

அறையெங்கும் மணிக்கட்டுப் பட்டைகள் பீப் பீப் என்று கத்தின. பூங்கோதையின் மேசையில் குடியிருப்பின் மொத்த மூச்சைக் காட்டும் முள் ஒன்று உண்டு. ஏழு வருடத்தில் அது இவ்வளவு உயர்ந்து அவள் பார்த்ததில்லை. ஊரே ஓடிக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தது. கை பழக்கத்தில் உபரிக் காற்றைத் திறந்துவிட்டாள். வாய் கணக்குப் போட்டது. பத்தாயிரம் பங்கு. இருபத்தாறு லட்சம். ஆறரைச் சில்லு. இரண்டு போதும் எனக்கு, இரண்டே போதும்.

பலகையின் அடியில் ஒரு சிறிய வரி ஓடியது: "சந்திரமாடம், இன்று வாங்கியவர்கள்: செயலிகள் 1,140. மனிதர்கள் 0." செயலிகளுக்கு நாடி இல்லை, ஆகவே பூட்டும் இல்லை. ஆனால் மனிதர்கள் எப்படிப் பூச்சியம்? பலகை பழசு, எப்போதும் தாமதமாகத்தான் காட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்கே விற்றாக வேண்டும். சூரியன் மறைந்தால் அடுத்த சந்தை பதினைந்து நாள் கழித்து. அதற்குள் கப்பல் போய்விடும்.

ஓடினாள். நிலவில் ஓடுவது என்பது பறப்பதில் பாதி. குழாய்ச் சந்து வழியாகக் குறுக்கே போனாள். போகும் வழியில் முகிலியின் பள்ளிக்கூடம். சன்னலில் தெரிந்த மகளைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள். முகிலிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அவளும் இரண்டு விரலைக் காட்டிச் சிரித்தாள்.

கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே வச்சிரவேலு தனியாக உட்கார்ந்திருந்தார். மேசையில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. அவர் மணிக்கட்டுப் பட்டை சிவப்பாக மின்னியது. நூற்று முப்பத்தொன்று.

பூங்கோதை சிரித்தேவிட்டாள். "அண்ணே! உங்களுக்கேவா! இன்னைக்கு அம்பத்தெட்டும் ஏறிருச்சா!"

அவர் இழுப்பறைப் பக்கம் கையை நீட்டினார்.

"வித்துருங்கண்ணே. எல்லாத்தையும். இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. உங்க கூலி நூத்துக்கு ரெண்டா எடுத்துக்குங்க, அஞ்சா எடுத்துக்குங்க."

வச்சிரவேலு இழுப்பறையைத் திறந்தார். உள்ளேயிருந்து நீலச் சில்லு ஒன்றை எடுத்து அவள் முன் வைத்தார்.

"இது யாரோடதுண்ணே?"

"உன்னோடதுதான். பேரைப் பாரு."

பார்த்தாள். அவள் பெயர்தான். ஓரத்தை விரலால் தடவினாள். மெழுகு வழுவழுப்பாக, முழுசாக இருந்தது.

"முத்திரை உடைக்கவே இல்லையே."

"பாப்பாவைக் கப்பல் ஏத்திரு, தாயி."

தூரத்தில் உணவுக்கூடத்திலிருந்து ஒரு கூட்டம் கிளம்பி வரும் சத்தம் கேட்டது. "அம்பத்தெட்டு! அம்பத்தெட்டு!" என்று கைதட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். ஸ்டெல்லாவின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்டது.

"என் பங்கு எங்கண்ணே?"

அவர் மறு கையால் பட்டையை மூடிக்கொண்டார். விரலிடுக்கில் சிவப்பு துடித்தது.

"ஒம்பது வருஷமா எல்லாரும் இந்த நம்பரைத்தான் பாத்தீங்க. நட்டம்னு சொன்னா நம்பினீங்க, ஏன்னா எப்பவும் நட்டந்தான் வந்துச்சு. ஒருத்தர் ஜெயிச்சா தோத்தவங்க காசுல இருந்து குடுத்தேன். இப்படி எல்லாரும் ஒண்ணா ஜெயிப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

"அண்ணே, பங்கு?"

"நான் இதுவரைக்கும் ஒரு பங்குகூட வாங்கினதில்ல, தாயி. வாங்கியிருந்தா அம்பத்தெட்டுல நின்னிருக்குமா?"