எதிர்ப்பக்கத்து இலை

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை வகுப்பில் எல்லாரும் கைதட்டியபோது நான் தட்டவில்லை. குனிந்து செருப்புப் பட்டையை இறுக்குவது போல நடித்தேன். என் செருப்பில் இறுக்குவதற்குப் பட்டையே கிடையாது. பக்கத்தில் இருந்த பையன் அதைப் பார்த்துவிட்டான்.

கைதட்டல் என் சித்தி மகளுக்கு. அவளை எல்லாரும் புயல் என்று கூப்பிடுவார்கள். என்னைவிட மூன்று மாதம் சின்னவள். இருந்தாலும் என்னை அக்கா என்றுதான் அழைப்பாள். அதிலும் எனக்குப் பெருமை ஒன்றும் மிஞ்சவில்லை. "அக்கா, உனக்கு இன்னும் முடியலையா?" என்று கேட்கத்தான் அதிகம் அழைக்கிறாள்.

விஷயத்தை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் நகரத்தைச் சுற்றி நடப்பதற்கு ஒரு நீண்ட பாதை அமைக்கிறார்கள். அதன் பெயர் பசுமை வளையம். ஒரு பூங்காவில் தொடங்கி, கால்வாய்க் கரை, நாற்றுத் தோட்டம், ஏரி, மைதானம், தோப்பு என்று பச்சையான இடங்களின் வழியாகவே போய், கடைசியில் தொடங்கிய பூங்காவுக்கே வந்து சேரும். முழுவதும் நடக்க நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டுமாம்.

நூலக மாடியில் நடக்கும் எங்கள் வரைபட வகுப்புக்கு நகராட்சி ஒரு வேலை கொடுத்திருக்கிறது. நூலகத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள பாதையில் அடையாளம் போட வேண்டும். இலை வடிவத்தில் ஓட்டை வெட்டிய அட்டையைக் கல்லிலோ விளக்குக் கம்பத்திலோ வைத்து, மேலே பச்சை பெயின்ட் அடிக்க வேண்டும். மரத்தில் மட்டும் அடிக்கக் கூடாது. பாதை திரும்பும் இடத்தில் எல்லாம் ஓர் இலை. இலையைப் பார்த்து நடந்தால் வழி தப்பாது.

நூலகப் பூங்காவிலிருந்து கால்வாய்ப் பாலம்வரை என் பகுதி. பாலத்திலிருந்து நாற்றுத் தோட்டம் வழியாக ஏரிவரை புயலின் பகுதி. எனக்கு மூன்று மாலை ஆனது. அவள் ஒரே மாலையில் முடித்து, ஏரியில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, டிவியும் பார்த்துவிட்டாள்.

சொல்லிக் கொடுப்பவர் நில அளவைத் துறையில் வேலை செய்பவர். நாங்கள் சர்வேயர் சார் என்போம். "ஒரே சாயங்காலத்துல முடிச்சிருக்கா பாருங்க," என்றார். "ஞாயித்துக்கிழமை முதல் நடையில கொடியைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போறது இவதான்."

அப்போதுதான் கைதட்டல். அப்போதுதான் என் செருப்பு.

பிப்ரவரி 11, புதன்

யாரும் தன் வேலையைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பது சாரின் விதி. பக்கத்துப் பகுதிக்காரர்தான் பார்க்க வேண்டும். அதனால் புயலின் பகுதியைப் பார்ப்பது நான்.

பாலத்திலிருந்து தொடங்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பா பஸ் ஓட்டுநர். அவர் வண்டி ஏரிவரை போகும். "எதுக்கு நடக்குறீங்க? ஏறுங்க, ஏரியில இறக்கி விடுறேன்," என்றார். நானும் தம்பியும் ஏறினோம். தம்பிக்கு வீட்டில் வால் என்று பெயர். வயது ஆறு. காரணம் எழுதத் தேவையில்லை.

ஏரியிலிருந்து நடந்தோம். ஓர் இலைகூட இல்லை.

"புயல் அக்கா எதுவுமே போடலையா?" என்றான் வால்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நாற்றுத் தோட்டத்துக்குள் பாதை மூன்றாகப் பிரிந்தது. நடுப்பாதையில் போனோம். ஒரு பெரிய எருக்குவியலில் கொண்டுபோய் விட்டது. அங்கே மண்வெட்டியோடு ஒரு தோட்டக்காரர் நின்றிருந்தார்.

"என்ன பாப்பா, எரு வேணுமா?"

"இல்லைங்க. வழி தப்பிட்டோம்."

"இங்க வர்றவங்க முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். வந்த வழியே போங்க. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க."

திரும்பிப் போய், இடப்பக்கப் பாதையைப் பிடித்தோம். கொஞ்ச தூரம் போனதும் வால் பின்புறமாக நடக்கத் தொடங்கினான். அவன் பாதி நேரம் அப்படித்தான் நடப்பான்.

"அக்கா, இலை."

திரும்பிப் பார்த்தேன். நாங்கள் கடந்து வந்த கல்லின் மறுபக்கத்தில் பச்சை இலை பளிச்சென்று இருந்தது. அதற்கடுத்த கம்பத்திலும் அப்படியே. எல்லா இலைகளும் இருந்தன, பாலத்திலிருந்து வருகிறவர்களின் கண்ணுக்கு மட்டும். ஏரியிலிருந்து வருகிறவர்களுக்கு வெறும் கல்லும் கம்பமும்தான்.

வளையம் என்றால் இரண்டு திசையிலிருந்தும் நடப்பார்கள். நான் என் பகுதியில் கல்லின் இரு பக்கமும் இலை போட்டிருக்கிறேன். அது என் புத்திசாலித்தனம் இல்லை. அடித்து முடித்ததும் எல்லாம் சரியாக வந்ததா என்று சந்தேகம் வந்தது. திரும்பி நடந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, மறுபக்கமும் அடித்தேன். அதற்குத்தான் மூன்று மாலை.

இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் கல்லைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

வகுப்பில் சார் கேட்டார். "பாலம் டு ஏரி. எப்படி இருக்கும்மா?"

"இலை எல்லாம் இருக்கு சார்," என்றேன்.

பொய் இல்லை. அதனால்தான் சொல்வது இவ்வளவு சுலபமாக இருந்தது.

சார் அடுத்து ஒன்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நடை நூலகத்தில் தொடங்காதாம். ஏரிப் பக்கம் பஸ் வசதி இருப்பதால் எல்லாரும் ஏரியில் கூடி, அங்கிருந்து நூலகத்துக்கு நடந்து வருவார்களாம்.

புயல் முன்னால் போவாள். பெரியவர்களும் பிள்ளைகளுமாக ஊரே பின்னால் வரும். தோட்டத்துக்குள் பாதை மூன்றாகப் பிரியும். தன் கையால் போட்ட இலையையே தேடிக்கொண்டு கொடியோடு நிற்பாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டே வந்தேன். நினைக்க நினைக்க இனித்தது. சாப்பிட உட்கார்ந்ததும் கொஞ்சம் கசந்தது. பிறகு மறுபடியும் இனித்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

இன்றுதான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பள்ளி விட்டதும் அம்மாவின் ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நடைக்கான துண்டுத்தாளை அம்மா நகல் எடுத்துக்கொண்டிருந்தார். புயல் வந்தாள். கடையின் ஒட்டடைக் குச்சியைத் தூக்கிப் பிடித்து, கொடி பிடிப்பது போல இரண்டு முறை நடந்து காட்டினாள்.

"பெரியம்மா, இப்படிப் பிடிச்சா நல்லா இருக்கா? இல்ல, இன்னும் உசத்தணுமா?"

"உசத்தினா ஃபேன்ல இடிக்கும்," என்றார் அம்மா.

"அப்பா வராரு, தெரியுமா? நான் கொடி பிடிக்கிறேன்னு சொன்னதும், லாரியை ஒரு நாள் நிறுத்திட்டு வரேன்னு சொல்லிட்டாரு."

சித்தப்பா வெளியூர்களுக்கு லாரி ஓட்டுகிறவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ இன்னும் வயிறு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவுக்கு டியூட்டி. நான் நடப்பதைப் பார்க்க அவர் வர மாட்டார்.

அப்புறம் சித்தப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. கூட்டத்தில் கடைசியாக நின்று, எட்டி எட்டி மகளைப் பார்க்கும் முகம். எல்லாரும் முணுமுணுப்பார்கள். அவர் யாரைப் பார்ப்பார், எங்கே பார்ப்பார்? நினைப்பு அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு இனிக்கவே இல்லை.

"ஏரியிலேருந்து வந்தா உன் இலை ஒண்ணுகூடத் தெரியாது," என்றேன்.

புயல் ஒட்டடைக் குச்சியை இறக்கினாள். "நேத்து சார்கிட்ட எல்லாம் இருக்குன்னு சொன்னியே?"

"இருக்கு. ஆனா எல்லாம் அந்தப் பக்கத்துல இருக்கு. நீ ஒரு பக்கம்தான் அடிச்சிருக்கே."

"இன்னைக்கு எப்படித் திடீர்னு ஞாபகம் வந்துச்சு? எங்கப்பா வராருன்னு சொன்னதும் வந்துச்சா?" அவள் குரல் மாறியது. "உனக்குப் பொறாமை அக்கா. நான் முன்னாடி போறது உனக்குப் பிடிக்கல."

அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆனால் நகல் எடுத்து முடிந்த பிறகும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். நானும்தான்.

"ஆமா, பொறாமைதான்," என்றேன். "மூணு நாளா வயிறு எரியுது. ஆனா இலையும் தெரியல. ரெண்டுமே உண்மை. என்னை நம்ப வேண்டாம். வா, ஏரியிலேருந்து நட."

அவள் ஒட்டடைக் குச்சியை மூலையில் சாய்த்து வைத்தாள். பஸ் நிறுத்தத்துக்கு என்னைவிட வேகமாக நடந்தாள்.

ஏரியில் இறங்கியதும் நான் பத்தடி பின்னால் வந்தேன். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவள் முதல் கல்லைப் பார்த்தாள். கம்பத்தைப் பார்த்தாள். மேலே நடந்தாள். பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு, தெரிந்தவள் போல நடுப்பாதையில் விறுவிறுவென்று போனாள்.

அதே எருக்குவியல். அதே தோட்டக்காரர்.

"வாங்க வாங்க," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ முந்தாநாள் வந்த பொண்ணுதானே? இன்னைக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கே?"

புயல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் இங்கதான் வந்தியா?"

"வாலோட வந்தேன். அவனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

அவள் சிரிக்கவில்லை. திரும்பி வந்து, பாதை பிரியும் இடத்தில் இருந்த கல்லின் மறுபக்கத்தைப் பார்த்தாள். அவளுடைய இலை, அழகான இலை, விளிம்பு பிசகாமல் இருந்தது. அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நேத்தே ஏன் சொல்லல?"

"நீ எல்லார் முன்னாடியும் வழி தப்பணும்னு நினைச்சேன்."

அவள் ஒரு புல்லைப் பிடுங்கித் துண்டு துண்டாகக் கிள்ளினாள். "எவ்வளவு நேரம் அப்படி நினைச்சே?"

"ரெண்டு நாள்."

"முழு ரெண்டு நாளுமா?"

"இல்ல. கணக்குப் பரீட்சை நேரத்துல நினைக்கல."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் உன்மேல பொறாமைதான். நீ எதைச் செஞ்சாலும் அடுத்தவங்க அதைத் திருத்த வேண்டியதில்ல. எங்கம்மா தினமும் சொல்லுவாங்க, 'அக்காவைப் பாரு, அக்காவைப் பாரு'ன்னு. பாத்துப் பாத்து என் கழுத்தே வலிக்குது."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் அம்மா வீட்டில் சொல்வது, "புயலைப் பாரு, எவ்வளவு சுறுசுறுப்பு." அதைச் சொன்னேன். இரண்டு அம்மாக்களும் அக்கா தங்கை என்பதால் கூடிப் பேசித்தான் செய்கிறார்கள் என்று முடிவுக்கு வந்தோம்.

"உன் பகுதியில ரெண்டு பக்கமும் அடிக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள்.

"தோணல. சந்தேகம் வந்துச்சு. திரும்பி நடந்தேன்."

"உன் சந்தேகத்துல எனக்கும் கொஞ்சம் குடேன் அக்கா. உன்கிட்டதான் நிறைய இருக்கே."

கடைக்குத் திரும்பியதும் அம்மாவின் போனில் சாரை அழைத்தோம். நான் பேசுகிறேன் என்றேன். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"சார், நான் ஒரு பக்கம்தான் இலை போட்டிருக்கேன் சார். ஏரியிலேருந்து வந்தா தெரியல. அக்காதான் கண்டுபிடிச்சா."

போனை என் பக்கமாகவும் சாய்த்துப் பிடித்தாள். "ரெண்டு பக்கமும் போடணும்னு நான் சொல்லவே இல்லையேம்மா," என்றார் சார். "வரைபடத்துல ஒரு கோடுதானே. அதுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. அதையே பாத்துப் பாத்துப் பழகிட்டேன்." பெயின்ட் காய நேரம் வேண்டும், நாளை மதியத்துக்குள் முடிக்க முடியுமா என்று கேட்டார்.

"நான் அடிச்சா முடியும் சார்," என்றாள் புயல்.

"அவ அடிச்சு, நான் பாத்தா முடியும் சார்," என்றேன் நான்.

சார் சிரித்தது இரண்டு பேருக்கும் கேட்டது.

போகும்போது அவள் கடை வாசலில் ஒரு நிமிடம் நின்றாள். கொடியை நீ பிடி என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "பிரஷ் ஒண்ணு இருந்தா கொண்டு வா அக்கா, நான் என்னோடதைக் கழுவாம வச்சதுல கட்டையாப் போச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கொடியைத் தரவில்லை. எனக்கு இன்னும் கொஞ்சம் எரிகிறது. நேற்று அளவுக்கு இல்லை.

நாளைய வேலை: காலை முதல் பஸ்ஸில் ஏரிக்குப் போக வேண்டும். பெயின்ட், இலை அட்டை, கழுவி வைத்த என் பிரஷ் மூன்றையும் பையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் நின்று, எங்கே இலை வேண்டும் என்று காட்ட வேண்டும். அவள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். ஏரியிலிருந்து பாலம்வரை, முன்னால் நடக்க வேண்டியது நான்.