மெல்லிய ஒலிகள் இனித் தெளிவாகக் கேட்கும்

சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும் குறுகலான நடைவழியில், கையில் தண்ணீர்க் குவளையோடு வந்துகொண்டிருந்த அப்பா திடீரென்று சுவரோரமாக ஒதுங்கினார். பின்னால் வருகிறவருக்கு வழி விடுவதுபோல வயிற்றை எக்கிக்கொண்டு, ஓர் ஆள் கடந்துபோகிற நேரம் நின்றார். பிறகு நடந்தார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த மகள் சிரித்துவிட்டாள். “யாருக்குப்பா வழி விடுறீங்க?”

அப்பா விழித்தார். “என் பின்னாடி வந்தது நீ இல்லையா?”

ஞாயிற்றுக்கிழமை மாலை. வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அப்பாவின் காது மெஷினுக்கு அப்டேட் போட்டு அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

அலுவலகத்தில் இருநூற்றுப் பத்துக் கணினிகளைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை. ‘பிறகு நினைவூட்டு’ என்று அழுத்திவிட்டு நழுவுகிறவர்களை மேசை மேசையாகத் துரத்திப் பிடிப்பதால் அங்கே அவளுக்கு அப்டேட் அக்கா என்றே பெயர். ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அப்பாவின் கைபேசியில் காது மெஷினுக்கான செயலி நான்கு மாதமாகச் சிவப்புப் புள்ளி காட்டிக்கொண்டிருந்தது. சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது என்று அவர் புலம்ப ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு நேரம் வந்தது. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பத்தைந்து வருடம் மோட்டார் அறைகளுக்குக் காதைத் தாரை வார்த்தவர் அவர். மெஷினைக் கழற்றிவிட்டால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது.

அப்டேட் முடிந்ததும் திரையில் இரண்டே வரி வந்தது. ‘மெல்லிய ஒலிகள் இனித் தெளிவாகக் கேட்கும். சில பிழைகள் சரிசெய்யப்பட்டுள்ளன.’ என்ன பிழை என்று இந்தக் குறிப்புகள் எப்போதுமே சொல்வதில்லை.

இரவு சாப்பிடும்போது அப்பா மெல்லுவதை நிறுத்தினார்.

“சின்ன ரூம்ல யாரோ மூச்சு விடுறாங்கம்மா.”

சின்ன அறை என்பது இஸ்திரி மேசையும் பழைய பெட்டிகளும் கிடக்கும், ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. அவள் எழுந்துபோய் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை; மேசை ஆறிக் கிடந்தது. அன்று அவள் இஸ்திரி போடவில்லை என்பது கூடத்துக்குத் திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது.

“ஃபேன் சத்தமா இருக்கும்ப்பா.”

“சத்தத்தை வெச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொன்னவன்கிட்ட ஃபேன்ங்கிறியே. இழுக்குது, நிக்குது, விடுது. நாம பேசினா நிறுத்திக்குது.”

அன்று இரவு அவள் நான்கு முறை எழுந்தாள். தண்ணீர் குடிக்க ஒரு முறை. மற்ற மூன்றுக்கும் காரணம் கிடையாது.

காலையில் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டாள். இருபது நிமிடம் இசையைக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் குரல் வந்தது.

“பழைய வெர்ஷனுக்குத் திரும்பப் போக முடியாதுங்க மேடம்.”

“இல்லாத சத்தமெல்லாம் கேக்குதுங்கிறாரு. யாரோ மூச்சு விடுற மாதிரி.”

விசைப்பலகைச் சத்தம் நின்றது. அந்தப் பெண்ணின் குரல் தணிந்தது. “மூச்சு மட்டும்தானா மேடம்? பேசுதா?”

“என்னது?”

“பேசலைன்னா நல்லது. அடுத்த அப்டேட் வந்தா போடாதீங்க. போடவே போடாதீங்க.” போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தபோது வேறு யாரோ எடுத்து, அப்படி எதுவும் சொல்லியிருக்க வாய்ப்பே இல்லை என்றார்.

தானாக அப்டேட் ஆவதை அவள் நிறுத்தி வைத்தாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு கருவியை அப்டேட் போடாமல் காக்கிற வேலை. மெஷினையே கழற்றி வைத்துவிடச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தாள். அப்பா மாட்டேன் என்று தலையாட்டினார்.

“கேக்கலைன்னா அது எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாதேம்மா.”

அந்த வாரம் அலுவலகத்தில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு கணினியில் பாதி வேலையை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள், போன இடத்திலிருந்து அப்பாவை அழைத்தாள், அவர் எடுத்து “இருக்கேன்மா” என்றதும் வைத்தாள், பத்து நிமிடம் கழித்து மறுபடி அழைத்தாள். வியாழக்கிழமை மதியம் அப்பா எடுத்ததும் சிரித்தார்.

“எல்லாம் சரியாப்போச்சும்மா. மூச்சுச் சத்தமே இல்ல.”

“எப்படிப்பா?”

“திரையில ஏதோ வந்துச்சு, நானே போட்டுட்டேன். வந்தா உடனே போட்டுடணும்னு நீதானே சொல்லுவே?”

பையை எடுத்தாளா என்பதுகூட நினைவில்லை. பேருந்தில் உட்காராமல் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். படியேறும்போதே அப்பாவின் குரல் கேட்டது. இதமாக, இடைவெளி விட்டு, யாருக்கோ பதில் சொல்கிற குரல். பூட்டைத் திறந்தாள். ஜன்னலெல்லாம் சாத்தி இருட்டாக்கியிருந்த கூடத்தில், விளக்குப் போடாமல், சின்ன அறையைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“யார்கிட்டப்பா பேசுறீங்க?”

திரும்பிப் பார்த்தவரின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. “உன்கிட்டதான்.”

“நான் இப்பத்தான் வரேன்.”

“மத்தியானத்திலிருந்து உள்ள இருந்து பேசிட்டே இருந்தியே...” அவர் அறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அறையை.

அவள் அவர் காதுகளிலிருந்து இரண்டு மெஷின்களையும் கழற்றினாள். அவர் தடுக்கவில்லை. அவருடைய காதின் சூடு ஆறாத அந்தச் சின்னஞ்சிறு குமிழ்களைத் தன் காதில் செருகிக்கொண்டாள்.

வீடு அவள்மேல் கொட்டியது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், தன் உடையின் சரசரப்பு, மேல்வீட்டுக் குழாயின் சொட்டு, அப்பாவின் தொண்டையில் எச்சில் இறங்குவது, தன் நெஞ்சின் அடி. ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். கணினியில் பழுது தேடுவதுபோல் ஒதுக்கினாள். எல்லாவற்றையும் ஒதுக்கிய பிறகு, அடியில் ஒன்று மிஞ்சியது.

நாக்கை ஈரப்படுத்திக்கொள்கிற சத்தம்.

“அப்பா.”

அவளுடைய குரல். அவள் வாய் மூடியிருந்தது.

“அப்பா, இங்க வாங்க.”

காதில் எதுவும் இல்லாத அப்பா சட்டென்று தலையைத் திருப்பினார்.

“வரேன்மா,” என்று எழுந்தார்.

“அப்பா, போகாதீங்க!” அவள் கத்தினாள். தன் கத்தல் தன் காதையே கிழித்தது. அவருக்குக் கேட்கவில்லை. ஓர் எழுத்துகூட. ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தாள். அவர் நின்று அவள் முகத்தைப் பார்த்தார். நிதானமாக, பேருந்தில் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பதுபோல. பிறகு அவள் விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் விலக்கினார்.

“பொண்ணு கூப்பிடுறா. கொஞ்சம் விடுங்கம்மா.”

உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

கதவில் அறைந்தாள். தோளால் இடித்தாள். கதவு சுவர்போல நின்றது. காதுக்குள், மிக அருகில், இரண்டு பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்று அப்பாவுடையது. அவள் இடிப்பதை நிறுத்தியதும் அதுவும் நின்றது.

பிறகு அவளுடைய குரல், கொஞ்சம் பயந்தாற்போல் கேட்டது.

“வெளிய யாருப்பா?”

“தெரியலம்மா,” என்றார் அப்பா.