சுத்தமான குரல்

அந்தச் செய்தி வாசிப்பாளர் செத்துப் பல வருடம் ஆகிறது. பழைய ஒலிநாடாவில் இருந்த அவர் மூச்சை அவள் நேற்றுதான் வெட்டி எறிந்திருந்தாள். அதே மூச்சு இன்று வேறொரு நாடாவில், ஒரு பெண் வாசித்த மழை அறிவிப்புக்கு நடுவே, மூக்கில் லேசாக விசிலடித்துக்கொண்டு வந்து போனது.

அசதி, என்று நினைத்துக்கொண்டாள். வானொலி நிலையத்தின் ஒலிக் காப்பகம் ஜன்னலே இல்லாத அடித்தளத்தில் இருந்தது. கெட்டுப்போகும் நாடாக்களின் புளித்த காடி நாற்றமும், ஏசியின் ஓயாத முனகலும், அலமாரிகளுக்கு நடுவே எந்நேரமும் அப்பிக் கிடக்கும் இருட்டுமாக அங்கே மதியமும் ராத்திரிதான். பழைய நாடாவை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றி, மறு ஒலிபரப்புக்காக மூச்சுச் சத்தங்களை நீக்க வேண்டும். ஒப்பந்த வேலை. குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவளுக்குக் கிடைத்த மரியாதை.

"குரல் கண்ணாடி மாதிரி இருக்கணும்மா," என்பார் மேற்பார்வையாளர். "மூச்சு கேக்கக் கூடாது."

"உயிரோட இருந்த ஆளுங்க சார். மூச்சு விடாம எப்படிப் பேசுவாங்க?"

"டிகிரியோட வாயும் சேர்த்துக் குடுத்து அனுப்பிட்டாங்க போல!" சிரித்தபடி மேலே காபி குடிக்கப் போய்விட்டார்.

காலையில்தான் புது மென்பொருள் வந்திருந்தது. மாதிரிக்கு ஒரு மூச்சைக் காட்டினால் போதும், மற்றதையெல்லாம் தானே தேடிப் பிடித்து வெட்டும். மாதிரியைக் காப்பகத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். தேட அலுப்பாக இருந்தது. கைபேசியில் அம்மா அனுப்பிய குரல் செய்தி இருந்தது. மூன்று வார்த்தைக்கு ஒரு இழுப்பு. இவள் காலேஜ் ஃபீஸுக்காகப் பஞ்சு மில்லில் தூசியைத் தின்ற நெஞ்சு அது. அதைவிடத் தெளிவான மூச்சு எந்த நாடாவில் இருக்கிறது? அதையே கொடுத்தாள்.

மென்பொருள் நன்றாகத்தான் கற்றுக்கொண்டது.

விசில் மூச்சை மறுபடி வெட்டினாள். அடுத்த நாடாவிலும் வந்தது. எரிச்சலோடு ஹெட்போனைக் கழற்றி மேசையில் போட்டாள்.

அப்போதும் கேட்டது.

அலமாரிப் பக்கமிருந்து. அதற்குப் பின்னால் இன்னொன்று, ஒரு பெண்ணுடையது. ஒரு குழந்தையின் விக்கல் மூச்சு. வெட்டியதெல்லாம். எல்லாமே உள்ளிழுப்பு.

பிறகு ஓர் இழுப்பு. கரகரவென்று. வருடக்கணக்காக அம்மா பக்கத்தில் படுத்துக் கேட்டது.

வீட்டுக்கு அழைத்தாள்.

"அம்மா?"

"என்னடி இந்த நேரத்துல சாப்ட்டியா இல்லியா வேலை இருக்குன்னு பட்டினி கெடக்காதடி நான் இப்பத்தான் துணியெல்லாம் தொவைச்சுப் போட்டேன்"

"அம்மா. இரு. இழுப்பு இல்லையா உனக்கு?"

"அதாண்டி அதிசயம் காலைலேருந்து இழுப்பே இல்ல நெஞ்சு காத்து மாதிரி லேசா இருக்கு படியேறினேன் தண்ணி தூக்கினேன் ஒண்ணுமே பண்ணல"

"அம்மா, பேச்சை நிறுத்து. ஒரு தடவை மூச்சு விடு. எனக்குக் கேக்கணும்."

"நிறுத்த வரலடி கண்ணு வாய் பாட்டுக்குப் பேசிட்டே இருக்கு நிறுத்த வரல"

இடைவெளியே இல்லை. கண்ணாடி மாதிரிக் குரல்.

மென்பொருளை அணைத்தாள். திரை கறுத்தது. போனில் அம்மாவின் குரல் நிற்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் அந்த இழுப்பு. கிட்டே. இன்னும் கிட்டே. அவள் பின்னங்கழுத்து முடி அலமாரிப் பக்கம் மெல்லச் சாய்ந்தது.

உள்ளே இழுத்தது.

இழுத்துக்கொண்டே இருந்தது.