கண்ணைப் பார்க்கும் கார்

இத்தாலிய முதலாளியம்மா சிஞ்ஞோராவின் புதுக் காருக்குத் தானாக ஓடத் தெரியும். நெடுஞ்சாலையில் டிரைவர் கையை எடுத்துவிட்டாலும் அது பாட்டுக்குப் போகும். அந்தக் காரின் டிரைவர் அபிதாவின் அப்பா தவராசா. அபிதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

புதுக் கார் என்றால் பூசை வேண்டாமா? காலையில் நகர நடுவில் பொலிதேயாமா பகுதியில், சிஞ்ஞோரா வீட்டு வாசலில், அப்பா சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய் வைத்தார். அபிதா சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள்.

"முன்பக்கத்திலை மட்டும் பொட்டு வை, பிள்ளை. உள்ளுக்கை ஒண்டும் வேண்டாம். அது சிஞ்ஞோராவின்ரை கார்."

"ஓம் அப்பா."

ஓம் என்றவள் சும்மா இருந்தாளா? ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு குட்டிக் கறுப்புக் கண்ணாடி இருந்தது. பொட்டில்லாத நெற்றி மாதிரி இருக்கிறதே என்று அதிலும் ஒன்று வைத்தாள். உடனே பயம் வந்தது. பெருவிரலால் அவசரமாகத் தேய்த்தாள். பொட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தாள்.

எல்லோரும் பக்கத்து ஊரான பகேரியாவுக்குக் கிளம்பினார்கள். சிஞ்ஞோராவும் அபிதாவும் பின்னால். முன் சீற்றில் அப்பாவுக்குப் பக்கத்தில் சிஞ்ஞோராவின் தம்பி சால்வோ. அவரிடமும் தானாக ஓடும் கார் இருந்தது. ஆனால் வேறு கம்பெனி.

"யாருடைய கார் கெட்டிக்காரக் கார் என்று இன்றைக்குப் பார்த்துவிடலாம், அக்கா," என்று இத்தாலிய மொழியில் சொன்னார் சால்வோ.

"உன் காரில் ஒரு விரலாவது ஸ்டியரிங்கில் பட வேண்டும். இல்லாவிட்டால் கத்தும். என்னுடையதில் கையே தேவையில்லை. தவராசா, காட்டுங்கள்!" என்றார் சிஞ்ஞோரா.

நெடுஞ்சாலை வந்ததும் அப்பா பட்டனை அழுத்தினார். டிங்! கார் தானாக ஓடத் தொடங்கினால் எரிய வேண்டிய பச்சை விளக்கு எரியவில்லை. திரும்ப அழுத்தினார். டிங்! டிங்!

சால்வோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சில கம்பெனிக் கார்கள் கையைப் பார்க்கும். இது கண்ணைப் பார்க்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் கமரா, டிரைவர் ரோட்டைக் கவனிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். உன் டிரைவர் கடலைப் பார்க்கிறார் போல!"

"இல்லை, ரோட்டைத்தான் பார்க்கிறேன்," என்றார் அப்பா.

"அப்படியானால் கார் பொய் சொல்கிறதா? வேறு டிரைவரைத் தேடு, அக்கா."

சிஞ்ஞோரா சிரிக்கவில்லை. "என் பேரப்பிள்ளைகளையும் இவர்தானே ஏற்றி வருகிறார்," என்று மெல்லச் சொன்னார்.

அப்பாவின் கழுத்து வியர்த்தது. அபிதாவுக்குச் சீற்றுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தக் கறுப்புக் கண்ணாடிதான் கமரா! சொன்னால் சால்வோ சந்தனத்தையும் தேசிக்காயையும் சேர்த்தே கேலி செய்து சிரிப்பார். சொல்லாவிட்டால் அப்பாவின் வேலை போய்விடும். வெட்கத்தில் கன்னம் சுட்டது.

"அப்பா ரோட்டைத்தான் பார்க்கிறார்," என்றாள் இத்தாலிய மொழியில். "கமராவில் நான்தான் சந்தனம் பூசினேன். அப்பா வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை."

"சந்தனமா? காருக்கா?" என்றார் சிஞ்ஞோரா.

"காருக்கும் உங்களுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று சாமி கும்பிட்டோம்."

நினைத்தது போலவே சால்வோ சிரித்தார். சிஞ்ஞோரா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சிரிப்பு நின்றது.

பெற்றோல் நிலையத்தில் அப்பா காரை நிறுத்தி, ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தார். துணியில் மஞ்சளாக ஒட்டியது. அபிதா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்ப நெடுஞ்சாலை. அப்பா பட்டனை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது! அப்பா இரண்டு கைகளையும் எடுத்தார். கார் கோடு தப்பாமல் போனது.

சால்வோ எட்டி அப்பாவின் கண்களைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "ரோட்டைத்தான் பார்க்கிறார். மன்னியுங்கள், தவராசா."

"எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும். என்னையும் மன்னியுங்கள்," என்றார் சிஞ்ஞோரா.

அபிதாவுக்கு மட்டும் வெட்கம் போகவில்லை.

"அப்பா, கோவமோ?"

"ஓம். கொஞ்சம்."

"அப்ப ஒருக்கா என்னைத் திரும்பிப் பாருங்கோவன்."

"பாத்தால் கார் கத்தும், பிள்ளை."

கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே, சும்மா இருந்த வலது கையை அப்பா பின்பக்கம் நீட்டினார். அபிதா அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.