மூன்றாவது கியரில் ஒரு நொடி

பின்பக்கம் புதிதாகப் பெயிண்ட் அடித்த அந்தப் பழைய பெட்ரோல் காரை இழுவை வண்டியிலிருந்து இறக்கியபோது மத்தியானம் இரண்டு மணி. 'டாக்டர்' சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். ஒரு மெக்கானிக்குக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்றால், அவரேதான். மற்ற மெக்கானிக்குகள் வண்டியை ஓட்டிப் பார்ப்பார்கள். அதெல்லாம் கைநாட்டுகளின் வேலையாம். இவர் ஸ்குரூடிரைவர் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே இரண்டு தடவை உறுமவிட்டு நோயைச் சொல்லிவிடுவாராம். என்ன காதோ, என்ன வித்தையோ!

காரோடு வந்த அம்மாள் கணக்கு வாத்தியாரின் மனைவி. வாத்தியார் போய் இரண்டு மாதமாகிறது.

அந்த மனிதர் உயிரோடு இருந்தபோது இதே காருக்காக இதே பட்டறைக்கு மூன்று தடவை நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டுச் சீட்டு, மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு. 'மூன்றாவது கியர். மேடு. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூன்று முறை குலுங்குகிறது, ஒரு நொடி செத்துப்போகிறது, பிறகு பாய்கிறது. கூட உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கவும்.' டாக்டர் சீட்டைப் படிக்காமல் எங்கேயாவது பார்த்துக்கொண்டிருந்தால், வாத்தியார் பேனாவால் டாஷ்போர்டில் மூன்று தட்டுத் தட்டுவார். வகுப்பில் வாய் பார்க்கும் பையனுக்குத் தட்டுகிற தட்டு. டாக்டருக்கு அதுதான் பிடிக்காது. மூன்று தடவையும் நிறுத்தி வைத்தே உறுமவிட்டு, பட்டறையே சிரிக்கும்படி ஒரே பதிலைச் சொன்னார்: "சார், வண்டிக்கு ஒண்ணுமில்ல. உங்க கால்தான் நடுங்குது."

நாலாவது தடவை வாத்தியார் வரவில்லை. பாலத்து ஏற்றத்தில் கார் ஒரு நொடி செத்தது. பின்னால் வந்த லாரிக்கு அந்த ஒரு நொடி போதவில்லை.

அம்மாள் உட்காரக்கூட இல்லை. வயசான காலத்தில் இந்த மனுஷனுக்குக் கார் எதற்கு என்று சொந்தக்காரர்கள் துக்க வீட்டிலேயே பேசினார்கள் என்றாள். பெற்ற மகளே அப்பாமேல் கோபமாக இருக்கிறாள் என்றாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தப்பு வண்டிமேலயா, அவர்மேலயா? உள்ள உக்காந்து ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க. அவரும் அதைத்தானே கேட்டார்?"

சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். டாக்டர் பானெட்டைத் திறந்தார், காதை வைத்தார், உறுமவிட்டார். எஞ்சின் பட்டுப்போல ஓடியது. அவருக்கு ஒரே சந்தோஷம். பானெட்டை அறைந்து மூடினார்.

டக். டக். டக்.

காருக்குள்ளிருந்து வந்தது. எட்டிப் பார்த்தார். யாருமில்லை. சூட்டில் தகரம் முறுக்கிக்கொள்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரிய படிப்பாளி அல்லவா, உடனே காரணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தம்மாள் கேட்டால் ஓட்டினேன் என்று சொல்ல ஒரு சுற்று போய்வரலாம் என்று ஏறி உட்கார்ந்தார்.

உள்ளே பெயிண்ட் வாசனை இல்லை. சாக்பீஸ் வாசனை அடித்தது, அப்போதுதான் கரும்பலகையை அழித்த மாதிரி. கிளம்பும்போது கார் பக்கத்து இருக்கைப் பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்தது. ஸ்பிரிங் மெல்ல முனகியது, ஆள் உட்காரும்போது முனகுமே, அப்படி.

கடைத்தெரு முழுக்கக் கார் நல்ல பிள்ளையாக ஓடியது. பட்டப்பகல், சனங்கள், வெயில். பயப்பட என்ன இருக்கிறது? பாலத்து ஏற்றத்தில் மூன்றாவது கியரைப் போட்டு மிதித்தார்.

குலுங்கியது. மறுபடி குலுங்கியது. மூன்றாவது தடவை பல்லோடு பல் இடித்தது.

பிறகு, ஒன்றுமே இல்லை.

காலுக்கடியில் ஆக்சிலரேட்டர் செத்துக் கிடந்தது. கண்ணாடியில் ஒரு லாரியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

டக்.

டக்.

டக்.

பக்கத்திலிருந்து. கை நீட்டினால் தொடும் தூரத்திலிருந்து.

"இப்பப் பாத்தீங்களா?"

கத்தலில்லை, கோபமில்லை. கணக்கைப் போட்டு முடித்துவிட்டுக் கேட்கிற குரல். கார் சட்டென்று பாய்ந்தது. லாரி, ஹாரனால் காதைக் கிழித்துக்கொண்டு, உரசாமல் ஒதுங்கிப் போனது.

பட்டறைக்குத் திரும்பி வந்த டாக்டரின் சட்டை பிழிந்தால் தண்ணீர் கொட்டும். அன்றுதான் அவர் முதன்முதலாகக் காதை விட்டுவிட்டுக் கண்ணை உபயோகித்தார். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். முடிபோல ஒரு விரிசல், அதை ஒட்டிப் பழைய கரிக்கோடு. வண்டி சும்மா நிற்கும்போது இது காட்டிக்கொள்ளாது. மேட்டில் சுமை ஏறும்போதுதான் பிளக்குக்குப் போகவேண்டிய பொறி இந்த விரிசல் வழியே நழுவும். ஓட்டிப் பார்த்த எவனும் பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பான். வாத்தியார் எழுதிக்கொடுத்த அத்தனையும் அட்சரசுத்தம்.

புது மூடி போட்டார். பழையதைத் துணியில் சுற்றிக் குப்பை டப்பாவின் அடியில் அழுத்தினார்.

சாயங்காலம் அம்மாள் வந்தாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உண்மையைச் சொல்ல ஒரு நொடிதான் தேவைப்பட்டது. அந்த ஒரு நொடி இந்த மனிதரிடம் கிடையாது. இவருக்குப் பட்டம் முக்கியம்.

"ஓட்டிப் பார்த்தேம்மா. வண்டிக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப அவர் கால்தான்னு சொல்றீங்க?"

"ஆமாம்மா."

அம்மாள் காரின் கூரையை ஒரு தடவை தடவிவிட்டு, மகளிடம் சொல்லிவிடுகிறேன் என்று போய்விட்டாள். மறுநாள் மகள் வந்து காரை எடுத்துப் போனாள். அது அந்த ஏற்றத்தை வெண்ணெயாய் ஏறியது.

அடுத்த வாரம் டாக்டரின் சொந்த வேன், அதே பாலத்து ஏற்றத்தில், மூன்றாவது கியரில், மூன்று முறை குலுங்கி ஒரு நொடி செத்தது.

மூடியை மாற்றினார். ஒயர், பிளக், கார்புரேட்டர் எல்லாவற்றையும் மாற்றினார். தினமும் அதே இடம், அதே ஒரு நொடி. பாலத்தைத் தாண்டாமல் அவர் வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. கடைசியில் மானத்தை விட்டு, கைநாட்டு என்று தான் ஏசிய எதிர்த்தெரு மெக்கானிக்கிடமே வேனைக் கொண்டுபோனார். யாரையும் விடாமல் ஓட்டிப் பார்க்கிற அந்த ஆள் அன்றைக்கு என்னவோ வேனில் ஏறவே இல்லை. நின்ற இடத்திலேயே இரண்டு தடவை உறுமவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, வண்டிக்கு ஒண்ணுமில்ல. உங்க கால்தான் நடுங்குது."

இருட்டுவதற்குள் பாலத்தைக் கடந்துவிட வேண்டும் என்று டாக்டர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாவியைத் திருகும் முன்பே வேன் பக்கத்து இருக்கைப் பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்தது. டாஷ்போர்டின்மேல் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. அதில் எண் மட்டும்தான் எழுதியிருந்தது.

நான்கு.