பதில் சொல்லும் பியானோ

காலை 10.10. ஒலிப்பதிவாளர் கம்ப்யூட்டரைத் திறந்தார். பியானோ இருந்தது. டிரம்ஸ் இருந்தது. குரல் இல்லை.

ஒன்பது பாட்டிலும் இல்லை. அலமாரியில் பூட்டி வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கிலும் இல்லை. சும்மா அழித்திருந்தால் மீட்டுவிடலாம். அழித்த இடத்தின் மேல் வெறும் இரைச்சலை எழுதி நிரப்பியிருந்தார்கள், குழியை மூடி மேலே சிமென்ட் பூசிய மாதிரி.

பாடகியைத் திரும்பக் கூப்பிட்டுப் பாடச் சொல்ல வழியில்லை. ஆறு வாரத்துக்கு முன் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது கழுத்தில் ஒரு பட்டுத் துணி, கையில் சின்ன வெள்ளைப் பலகை, அதற்கொரு பேனா. இருபது வருடம் வீட்டோடு பாடிக்கொண்டிருந்தவர் முதல்முறையாக மைக் முன்னால் நின்றது இந்த ஆல்பத்துக்குத்தான். அந்தக் குரல் உலகத்தில் மிச்சமிருந்தது இந்தக் கம்ப்யூட்டரிலும் அந்த டிஸ்க்கிலும் மட்டும்.

10.50. இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார். அந்தம்மாவுக்கும் சங்கீதத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்று சொன்னதோடு உறவு முறிந்தது. இன்றைக்கும் அவர் காதுக்குப் பாட்டும் மிக்ஸியும் ஒரே குடும்பம்.

வாசலில் ஆல்பத்தின் அட்டையைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். 'விளிம்பின்மையின் மூன்று விளிம்புகள்'. அதன் கீழே, தாடையைக் கையில் தாங்கிய ஒருவரின் படம். 'இசை, தத்துவம், பியானோ' என்று அவருக்கு மூன்று பட்டம். 'குரல்' என்று மனைவிக்குச் சின்ன எழுத்தில் ஓர் ஓரம். 'டிரம்ஸ்' என்று மைத்துனருக்குக் கிடைத்த இடத்தைப் படிக்க இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"முந்தாநாள்தான் அச்சாகி வந்துச்சு மேடம்" என்றார் ஒலிப்பதிவாளர்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தார்கள். சுவரெல்லாம் தக்கை. கதவைச் சாத்தியதும் காதில் பஞ்சு அடைத்த மாதிரி ஆனது. ஒரு மூலையில் டிரம்ஸ், நடுவில் பியானோ, எதிரே ஆளில்லாத மைக். இன்ஸ்பெக்டருக்கு இருமல் வந்தது. இருமினார்.

பியானோ திருப்பி இருமியது.

மெல்ல, அடித்தொண்டையில், வெகுநேரம் இழுத்து. ஒலிப்பதிவாளர் ஓரடி பின்வாங்கினார்.

"தினம் இப்படித்தான் மேடம். யாருமில்லாதப்ப உள்ள ஒரு முனகல் கேக்கும். அவங்க குரல் மாதிரியே."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பியானோவின் பெடலை அமுக்கி, எழும்பாதபடி மேலே ஒரு மரத்துண்டை அண்டக் கொடுத்திருந்தது.

"பெடல் அமுங்கியிருந்தா தந்தி எல்லாம் விடுபட்டுடும் மேடம். யார் சத்தம் போட்டாலும் அது திருப்பிச் சொல்லும். காரணம் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பயமாத்தான் இருக்கு. கட்டையை எடுத்துப் போட்டா மறுநாள் மறுபடி இருக்கு."

இன்ஸ்பெக்டர் அதை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அழித்தது நேற்று மதியம் 2.15க்கும் 2.40க்கும் நடுவில் என்று கம்ப்யூட்டரே சொன்னது. பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டியிருந்தார்கள். அலமாரிச் சாவி பக்கத்து ஆணியில் தொங்கியது. அந்த நேரத்தில் கட்டடத்தில் இருந்தவர்கள் நாலு பேர். ஒலிப்பதிவாளர் சாப்பிட்டுவிட்டுச் சமையலறை பெஞ்சில் கண்ணசந்திருந்தார். மற்ற மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள்.

11.30. டிரம்ஸ் வாசிப்பவர். பாடகியின் தம்பி.

"எனக்கும் அக்காவுக்கும் சண்டைன்னு மாமா சொல்லியிருப்பாரே."

"வாசல்லயே சொன்னார்."

"சண்டைதான். நான் மெதுவா வாசிக்கிற இடத்துல எல்லாம் அவ குரல் வந்து என் மைக்ல உக்காந்துக்கும். நடுவுல ஒரு கம்பளியாவது தொங்க விடுங்கன்னு கத்தினேன். மாமா விடல."

"ஏன்?"

"மூணு பேரும் ஒரே காத்தைச் சுவாசிக்கணுமாம். அட்டைக்குப் பின்னாடி நாலு பக்கம் எழுதியிருக்கார். படிச்சுப் பாருங்க, தூக்கம் நல்லா வரும்."

"ரெண்டேகாலுக்கு எங்க இருந்தீங்க?"

"மாடிப்படியில உக்காந்து டிரம்முக்குத் தோல் மாத்திக்கிட்டிருந்தேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"தோல் பாத்துச்சு."

12.05. பாடகி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் பலகையில் பேனா ஓடும் சத்தம் மட்டும்.

"அழிச்சது நீங்களா?"

'யோசிச்சேன். செய்யல.'

"ஏன் யோசிச்சீங்க?"

'செத்தவ பாடறதை நானே உக்காந்து கேக்கணுமே.'

"அப்ப போனது நல்லதா?"

பலகையைத் துடைத்துவிட்டு எழுதினார். 'நான் இருந்தேன்னு சொல்ல வேற எதுவும் இல்ல.'

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து மரத்துண்டை எடுத்து மேஜையில் வைத்தார். பாடகி அதைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்து எழுதினார்.

'இருமல் மட்டும்தான் என்கிட்ட பாக்கி. அதுக்கு அந்தப் பியானோ ஒண்ணுதான் பதில் சொல்லுது.'

12.40. பாடகியின் கணவர், மேதை. ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒருகாலத்தில் ஒரு பத்திரிகை 'மேதை?' என்று கேள்விக்குறியோடு எழுதியது. கேள்விக்குறியை அவரே எடுத்துவிட்டார். காலையிலிருந்து அதிகம் அழுதவரும் அவர்தான்.

"என் ஆல்பம் செத்துப்போச்சு மேடம்."

"உங்க மனைவியோட குரல்?"

"அதைத்தான் சொல்றேன். தாலாட்டுக்கு அணிவகுப்புத் தாளம் போட்டு, அது மேல ஜாஸ் வாசிச்சு... யாரும் செய்யாதது. எல்லைகளை நான் உடைச்சேன்."

"உடைஞ்சதுக்கு யாரும் புகார் குடுக்கலையா?"

அவருக்குக் கேலி புரியவில்லை. "கலை நிக்கக் கூடாது. பியானோ பத்திரமா இருக்கு. புதுசா ஒரு பொண்ணை வெச்சுக் குரலைச் சேத்துடலாம்."

"டிரம்ஸை மட்டும் தனியா கேட்டிருக்கீங்களா சார்?"

"வீடு பாக்க வர்றவன் செங்கல்லைத் தனியா உருவிப் பாப்பானா?"

"நேத்து ரெண்டேகாலுக்கு?"

"மொட்டை மாடியில மௌனத்துல இருந்தேன்."

"சாட்சி?"

"சாட்சி இருந்தா அது மௌனமே இல்ல, மேடம்."

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதினார்: சாட்சி இல்லை.

1.30. "மிச்சமிருக்கறதைப் போடுங்க. ஒவ்வொண்ணாத் தனியா" என்றார் ஒலிப்பதிவாளரிடம்.

முதலில் பியானோ. அதன் மைக்குகளைப் பெட்டிக்குள்ளேயே, தந்திகளை ஒட்டி வைத்திருந்தார்கள். வாசிக்கும்போது வேறெதுவும் அதில் ஏறாது. ஒவ்வொரு பாட்டும் முதல் சுரத்தில் டக்கென்று தொடங்கி, கடைசிச் சுரத்தோடு டக்கென்று நின்றது.

"முன்னாடியும் பின்னாடியும் கத்தரிச்ச மாதிரி இருக்கே?"

ஒலிப்பதிவாளர் திரைக்குக் கிட்டே போனார். "நான் கத்தரிக்கல மேடம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல பேச்சு, சிரிப்பு எல்லாம் இதுல இருந்துச்சு. இதுவும் நேத்துதான் போயிருக்கு. நான் கவனிக்கவே இல்ல."

அடுத்து டிரம்ஸ். ஓர் அடி. சூனியம். இன்னோர் அடி. சூனியம்.

"நடுவுல ஏன் ஒண்ணுமே கேக்கல?"

"அடி விழறப்ப மட்டும் திறந்து சத்தத்தை விடற கதவு ஒண்ணு கம்ப்யூட்டர்ல போட்டிருக்கேன் மேடம். இல்லன்னா மத்தவங்க சத்தம், நாற்காலி கிறீச்சிடறது, எல்லாக் குப்பையும் கேக்கும்."

"குப்பையையும் அழிச்சுட்டாங்களா?"

"இல்ல, அடியில அப்படியே இருக்கு. சும்மா மூடித்தான் வெச்சிருக்கேன்."

"கதவைத் திறங்க."

"அதுல கேக்கறது குரல் இல்ல மேடம், வெறும்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். மவுஸைப் பிடித்தார். அழுத்தினார்.

நீளமான வீட்டின் கடைசி அறையில் யாரோ ஒரு பெண் பாடுவதுபோல் இருந்தது. டிரம்ஸ் அதிரும்போதெல்லாம் அவள் மறைந்தாள், அடங்கியதும் அதே இடத்தில் நின்றாள். பாட்டு முடிந்த பிறகும் அவள் போகவில்லை. பேசினாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒன்பது பாட்டிலும் பேச்சு வந்த இடங்களை முப்பது நிமிடம் அசையாமல் கேட்டார்.

2.15. எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்தார்.

"ஆல்பத்தைக் கெடுக்கணும்னு வந்தவன் எல்லாத்தையும் அழிச்சிருப்பான். இவர் பியானோவுல ஒரு சுரத்தைக்கூடத் தொடல. நடுவுல இருந்த பேச்சை மட்டும் நகம் வெட்டற மாதிரி வெட்டியிருக்கார். ஆக, இவர் பயந்தது பாட்டுக்கு இல்ல, பேச்சுக்கு. குரல் மைக்ல பாட்டும் பேச்சும் கலந்து கிடந்துச்சு, அதனால மொத்தமாப் போச்சு."

"இதெல்லாம் ஊகம்" என்றார் மேதை.

"இருங்க சார். இவ்வளவு கவனமா வேலை பாத்தவர் டிரம்ஸை ஏன் விட்டார்? அதுலயும் அதே பேச்சு இருக்கு. கதவு போட்ட ஒலிப்பதிவாளருக்குத் தெரியும். கம்பளி கேட்டுச் சண்டை போட்ட தம்பிக்குத் தெரியும். அந்தச் சண்டையில பாதி அக்காவோடது, அவங்களுக்கும் தெரியும். மச்சான் கத்தினதைக் காதுல வாங்காத, டிரம்ஸைச் செங்கல்னு நினைச்ச ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியாது."

மேதை தாடையைக் கையில் தாங்கினார். அட்டைப் படத்தில் இருந்த அதே நிலை.

இன்ஸ்பெக்டர் சைகை காட்ட, கூடத்தின் ஒலிபெருக்கியில் அந்தக் குரல் எழுந்தது. பாடகியின் கையிலிருந்த பேனா தரையில் விழுந்து உருண்டது.

'அப்படி இல்ல. நான் பாடறேன், கேளுங்க. இடது கை இப்படி இறங்கி வரணும்.' ஒரு முனகல், படிப்படியாக இறங்கியது. பிறகு மேதையின் குரல்: 'மறுபடி பாடு. எழுதிக்கறேன்.'

"ஒன்பது பாட்டுக்கும் இப்படித்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவை எடுத்துப் பாடகியிடம் கொடுத்தார். "முந்தாநாள் அட்டை வந்ததும் இவர்கிட்ட என்ன எழுதிக் காட்டினீங்கம்மா?"

'இசைன்னு போட்ட இடத்துல என் பேர் எங்க? நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் மைக்ல இருக்கு.'

"அப்புறமும் இவர்தான்னு தோணலையா?"

'தெரிய வேண்டாம்னு இருந்தேன்.'

தம்பி அட்டையையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப தத்துவம் மட்டும்தான் உங்களோடதா மாமா?"

மேதை எழுந்தார். "கருவுக்கும் உருவத்துக்கும் இருக்கற உறவு உங்களுக்கெல்லாம் புரியாது. அவ முனகினா. அதை இசையாக்கினது நான். நாலு சுவத்துக்குள்ள எதிரொலி மாதிரி..."

"ஸ்டேஷன்லயும் எதிரொலி நல்லா இருக்கும் சார். வாங்க."

கான்ஸ்டபிள் அவரை அழைத்துப் போனார். ஒலிபெருக்கியை நிறுத்த யாருக்கும் கை வரவில்லை. இன்ஸ்பெக்டர் பையிலிருந்த மரத்துண்டை எடுத்து, குனிந்து பெடலை அமுக்கி, பழையபடியே அண்டக் கொடுத்தார்.

ஒலிபெருக்கி பாடியது. பியானோ பதில் சொன்னது. பாடகி கண்ணை மூடிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

நாலு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. குரலை அந்தக் குப்பையிலிருந்துதான் எடுத்திருந்தார்கள். அதற்கு மேல் சுத்தம் செய்ய முடியவில்லை. விமர்சகர்கள் விடுவார்களா? குரலை இவ்வளவு தொலைவில் நிறுத்தியது துணிச்சலான அழகியல் முடிவு என்றும், இன்மையின் கட்டடக்கலை என்றும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அட்டையில் 'இசை' என்ற இடத்தில் பாடகியின் பெயர் மட்டும் இருந்தது. தத்துவம் யாருக்கும் தேவைப்படவில்லை. தலைப்பு, 'கதவைத் திறங்க'.

இன்ஸ்பெக்டருக்கு ஒரு பிரதி தபாலில் வந்தது. ஜீப்பில் போட்டுக் கேட்டார்.

"ஸ்பீக்கர் போயிருச்சா மேடம்?" என்றார் டிரைவர். "யாரோ ரொம்ப தூரத்துல பாடற மாதிரி இருக்கே."

"போகல. அந்தக் குரல் அங்கதான் இருக்கு."

கடைசிப் பாட்டு முடிந்தது. நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ மூச்சிழுத்தார். 'அப்படி இல்ல. நான் பாடறேன், கேளுங்க' என்றது குரல்.

அது மறுபடி பாடத் தொடங்கியதும், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இன்ஸ்பெக்டர் வாயை மட்டும் அசைத்தார்.