பழகியில் இருந்த கை

வண்டியின் நிறம் மஞ்சளா ஆரஞ்சா என்பதிலேயே எனக்குச் சந்தேகம். நடந்ததில் பாதியை யமுனா சொல்லிக் கேட்டேன். மீதியை, அவள் கணவன் பரணிதரன் சொல்லாமல் விட்டதிலிருந்து ஊகித்தேன். நாளடைவில் இரண்டும் கலந்து, எல்லாவற்றையும் கூடவே இருந்து பார்த்ததுபோல் ஆகிவிட்டது. பிழைகள் இருக்கலாம்.

அப்போது கோயம்புத்தூரில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதில்லை. "யார் கை?" என்றுதான் கேட்பார்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் தேங்காய் அளவில் ஒரு பெட்டி. அதன் பெயர் பழகி. ஓட்டுபவர் எங்கே பிரேக் மிதிக்கிறார், எதற்கு அவசரப்படுகிறார், எதைக் கண்டு அஞ்சுகிறார் என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். பிறகு அவரைப் போலவே தானாக ஓட்டும். நிதானமான டாக்டரின் கை படிந்த வண்டிக்குத் தனி மதிப்பு.

திருமணமான நாளிலிருந்து கொழுந்தன், நாத்தனார் என்று ஏழு பேர் ஏறும் வண்டியில் பின்னால் நசுங்கிப் போய்வந்தவள் யமுனா. மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத வண்டிதான் வேண்டும் என்றாள். இரண்டே இருக்கை, திறந்து மூடும் கூரை, தரையை ஒட்டிய உடல். புதிதாக வாங்க முடியாது. பழையதில் மூன்றைப் பார்த்தார்கள். ஒன்றில் கூரை ஒழுகியது. இன்னொன்றில் பரணிதரனுக்கு முழங்கால் இடித்தது.

"இதை எடுத்துக்குங்ணா," என்றார் தரகர். "வண்டி சிறுசு, ஆனா கை யாருதுன்னு கேளுங்க. ரேஸ்காரரு ஜெரால்டு கை!"

புது உரிமையாளரின் பிடி பதியும்வரை பழகி தானாக ஓட்டாது. அதுவரை பழைய கை உள்ளே உறங்கும் என்பார்கள். மழைக்காலம் முழுவதும் பரணிதரனே ஓட்டினார். பனி தொடங்கியபோதுதான் பழகி விழித்தது. இருவரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கூரையைத் திறந்து, கோத்தகிரிக்கு ஏறினார்கள்.

"பாத்தீங்களா?" என்றாள் யமுனா. "பள்ளத்தாக்கு தெரியற எடத்துல, நான் திரும்பறதுக்கு முன்னாடியே மெதுவாப் போகுது. கொண்டை ஊசில ஒருக்காக்கூட வயித்தைப் பிரட்டலைங்க. பக்கத்துல ஒருத்தி இருக்காளேன்னு நெனச்சு ஓட்டுன கை இது."

"நான் ஓட்டறப்ப அப்படி இல்லையா?"

"நீங்க ஓட்டுனப்ப நான் வண்டியை எங்கீங்க பாத்தேன்? உங்ககூடப் பேசிட்டில்ல வந்தேன்."

அவர் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார்.

யமுனாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஞாயிறு காலையானால், "ஜெரால்டு சார் ரெடியா? போலாமா?" என்பாள். பரணிதரன் ஈரத்துணியால் ஸ்டியரிங்கைத் துடைப்பார். காய்ந்ததும் மறுபடி துடைப்பார். முகம் தெரியாத ஒருவனின் முன்னங்கையும் கைக்கடிகாரமும் அவருக்குத் தெரிய ஆரம்பித்தன. அவன் யாருக்காக அந்த வளைவில் வேகத்தைக் குறைத்தான் என்பது போய், இப்போது யமுனாவுக்காகக் குறைக்கிறான் என்று தோன்றியது.

ஒருநாள் அவளிடம் சொல்லாமல் பணிமனைக்குப் போனார்.

"அழிக்கறதுக்கு முன்னாடி யாரு கைன்னு திரையில ஒருக்கா பாத்துக்குங்க சார்," என்றாள் அங்கிருந்த பெனாசிர்.

"தெரியும். அழிச்சிருங்க."

"நல்ல கைங்க சார். போனா திரும்ப வராது."

"நீங்களுமா? அழிங்கன்னா அழிங்கம்மா!"

மறுபடி அவரே ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் சாலையைவிட யமுனாவின் முகத்தைத்தான் பார்த்தார். அவனைத் தேடுகிறாளா? சிக்னலில் பைக்கில் நிற்கும் யாராவது அவள் பக்கம் திரும்பிப் பார்த்தால் கூரையை மூடினார். பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில், அவள் அவனை நினைத்துவிடக் கூடாதென்று வேகமாகக் கடந்தார். தேங்காய் அளவுப் பெட்டி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டது.

பழகி விழித்த அன்று முதல் சிக்னலிலேயே கூரை தானாக மூடிக்கொண்டது. வளைவுகளில் வண்டி சீறியது.

"இது யாரு கைங்க?" என்றாள் யமுனா.

"என் கைதான்," என்றார் பெருமையாக.

மூன்றாவது கொண்டை ஊசியில் அவள் இறங்கி வாந்தி எடுத்தாள். பிறகு ஏற மறுத்து, பேருந்தில் வீடு திரும்பினாள்.

சில மாதம் கழித்து ஒரு டயர் கடையில், குட்டையான ஒரு மனிதர் வண்டியின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நான் ஜெரால்டுங்க. இது என்ர பழைய வண்டி. நல்லா ஓடுதுங்களா?"

பரணிதரன் அந்தக் கையையே பார்த்தார். பருத்த சிறு விரல்கள். "உங்க கை நல்ல கைன்னு எம் பொண்டாட்டி சொல்லுவா."

ஜெரால்டு சிரித்தார். "என் கையா? எங்க தொழில்ல யாருமே கையை விக்க மாட்டமுங்க. எதிராளி வாங்கி, எங்க பிரேக் போடறோம்னு படிச்சிருவானே! துடைச்சு வெறும் பெட்டியாத்தான் குடுத்தேன். உங்க வீட்டம்மா பாத்தது உங்க கைதானுங்க."

இதை யமுனாவிடம் சொல்லப் பரணிதரனுக்கு ஒரு வருடம் ஆயிற்று. அவள், "அதை அழிச்சுப்போட்டீங்களே," என்றாள்.

ஜெரால்டு பந்தயத்தை விட்டுவிட்டார். பெனாசிர் திருச்சிக்குப் போய்விட்டாள். தரகர் இன்னும் ரேஸ்காரர் கை என்று சொல்லியே விற்கிறார். யமுனா கோத்தகிரிக்குப் பேருந்தில் போகிறாள், சன்னலோரமாக. பரணிதரன் அதற்குப் பிறகு பழகியைப் பலமுறை அழித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அது அதே சந்தேகக் கையைக் கற்றுக்கொண்டது. வண்டி அவரிடமேதான் இருக்கிறது. பக்கத்து இருக்கையில் யாரும் உட்காருவதில்லை.